கொடுத்த கையே கணக்கும் கேட்டது

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூரை நெருங்குமுன், இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊர் வருகிறது. 1996ஆம் ஆண்டில் தென்கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் அங்கே கார்த் தொழிற்சாலை அமைக்க முன்வந்தது; 1998இல் அங்கு உருவான முதல் கார்கள் விற்பனைக்கு வந்தன. அதுமுதல் அச்சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பு, கொரிய நிறுவனங்கள் தரும் ஊதியத்தை நம்பி எரிகிறது.

அத்தகைய குடும்பம் ஒன்றின் புதுவீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தேன். பேரன் அத்தொழிற்சாலைக்கு உதிரிப் பாகம் செய்து தரும் பட்டறையில் பணிபுரிகிறான். மந்திரிப்பு முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டி என்னை நோக்கி, "ஏன் சாமி, அந்தக் கொரியாக்காரங்க ஆதியிலேருந்தே பணக்காரங்களா?" என்று வினவினார். இல்லையம்மா, எழுபது ஆண்டுகளுக்கு முன் நம்மைப்போலவே, ஒருவேளை நம்மைவிடவும், வறியவர்களாயிருந்தவர்கள் என்றேன். பாட்டி விடவில்லை. "அப்போ எப்படி எழுந்தாங்க? கவர்மெண்டு தூக்கிவிட்டுச்சா, அவங்களே எழுந்துகிட்டாங்களா?"

பொருளாதார அறிஞர்கள் அரை நூற்றாண்டாக வாதிட்டுக்கொண்டிருக்கும் வினாவை அம்மூதாட்டி இரண்டே வாக்கியத்தில் கேட்டுவிட்டார். அன்று காப்பிக் குவளையோடு நான் சொன்ன விடை அரைகுறையானது. இதனை அதன் தொடர்ச்சியாக வாசகர்கள் கொள்வார்களாக.

வாற்கோதுமைக் கணவாய்

கொரிய மொழியில் 'பொரித்கோகே' என்றொரு சொல் உண்டு. வாற்கோதுமைக் கணவாய் என்பது அதன் பொருள். இலையுதிர் காலத்தில் அறுத்த நெல் வசந்தத்தில் தீர்ந்துவிடும். வாற்கோதுமை முற்றவோ ஜூன் மாதம்வரை காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட வாரங்களில் குடியானவர்கள் காட்டுக் கீரைகளையும் பைன் மரத்தின் உட்பட்டையையும் வேகவைத்து உண்டு உயிர் பிழைத்தனர். மலைக் கணவாயைக் கடப்பதுபோல் ஆண்டுதோறும் அந்தப் பட்டினியைக் கடக்க வேண்டியிருந்ததால் அப்பெயர் வந்தது.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆளுகையில் இருந்தது. விடுதலை வந்த அதே ஆண்டில் நாடு இரண்டாகப் பிளவுண்டது. சுரங்கங்களும் மின் நிலையங்களும் உரத் தொழிற்சாலைகளும் பெரும்பாலும் வடக்கே சென்றன. தெற்கிற்கு எஞ்சியவை வயல்களும் மிகுந்த மக்கள்தொகையுமே. 1950 ஜூன் 25 முதல் 1953 ஜூலை 27 வரை நடந்த போரில் தலைநகர் சியோல் நான்கு முறை கைமாறிற்று. போர் ஓய்ந்தபோது நகரங்கள் இடிபாடுகளாய்க் கிடந்தன. அனாதைக் குழந்தைகள் வீதிகளில் அலைந்தனர். 1960இல் ஒரு கொரியரின் சராசரி ஆண்டு வருமானம் ஏறத்தாழ 80 டாலர். நம் நாட்டினுடையதும் அன்று அவ்வளவே. பிலிப்பைன்ஸ் நாட்டு மக்கள் அன்று கொரியரினும் வசதியாக வாழ்ந்தவர்கள் என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்வது நலம். பின்னர் அதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

உழுபவன் கைக்கு வந்த வயல்

கொரியாவின் எழுச்சியைப் பேசுவோர் பெரும்பாலும் இராணுவ ஆட்சியாளரான பார்க் சுங்-ஹீயிடமிருந்தே கதையைத் தொடங்குகின்றனர். கதை அதற்குமுன் வயலில் தொடங்கியது என்பதே என் கருத்து. ஜப்பானியர் காலத்தில் கொரிய உழவருள் பெரும்பாலோர் குத்தகைதாரர். விளைச்சலில் பாதியையோ அதற்கும் மேலாகவோ நிலக்கிழாருக்கு அளந்தவர்கள். வடகொரியா 1946இல் நிலங்களைப் பறித்துப் பங்கிட்டுக் கொடுத்தது. அச்செய்தி தெற்கே பரவியபோது, நாமும் செய்யாவிடில் உழவர் அப்பக்கம் சாய்வர் என்னும் அச்சம் சியோலைப் பற்றியது. அச்சத்தினால் செய்தாலும் நன்மை நன்மையே அன்றோ!

1949இல் இயற்றப்பெற்று 1950இல் திருத்தப்பெற்ற நிலச் சீர்திருத்தச் சட்டம், எக்குடும்பமும் 3 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஏழரை ஏக்கருக்கு மேல், விளைநிலம் வைத்திருத்தலாகாது என்றது. குத்தகைமுறை சட்டத்தால் ஒழிந்தது. நிலம் பெற்ற உழவர், ஓராண்டு விளைச்சலின் ஒன்றரை மடங்கை ஐந்து ஆண்டுத் தவணையில் செலுத்தினால் போதும். வயல் அவருக்கே சொந்தம். நிலக்கிழார்களுக்கு அரசு கடன் பத்திரங்களை வழங்கிற்று. போர்க்கால விலையேற்றம் அப்பத்திரங்களின் மதிப்பைத் தின்றுவிட்டது. நாட்டை நூற்றாண்டுகளாக ஆண்ட வர்க்கம் சில ஆண்டுகளில் கரைந்து போயிற்று. கல்வி நிறுவனங்களின் நிலத்துக்கு விலக்கு இருந்தமையால், நிலத்தைப் பள்ளிகளுக்கு எழுதிவைத்த செல்வர்களும் உண்டு.

இச்சட்டத்துக்கு அடிகோலிய முதல் வேளாண் அமைச்சர் சோ பொங்-அம் என்பார். பின்னர் அவர் அதிபர் சிங்மன் ரீயை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். ஒற்றர் என்று குற்றஞ்சாட்டப்பெற்று 1959இல் தூக்கிலிடப்பட்டார். 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து வந்த நீதி!

நம் மாநிலத்திலும் 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. வரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர்; 1970இல் அது 15 ஆகக் குறைக்கப்பெற்றது. கொரியாவின் ஏழரை ஏக்கரோடு இதனை ஒப்பிட்டுக்கொள்ளலாம். நம் ஊர்களில் பினாமிப் பட்டாக்கள் எழுதப்பெற்ற கதையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நிலத்தை அடுத்துப் பள்ளி. 1945இல் கொரியப் பெரியோருள் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பத்துக்கு இருவர் என்னும் அளவே. போர் நடக்கும்போதே, அகதிகள் நிறைந்திருந்த பூசான் நகரில் கூடாரங்களிலும் மலைச்சரிவுகளிலும் வகுப்புகள் நடைபெற்றன. 1950களின் முடிவில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுள் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டோர் பள்ளியில் இருந்தனர். தனக்கென்று வயல் கிடைத்த உழவன், வாரம் அளக்காமல் மிஞ்சிய நெல்லை விற்றுப் பிள்ளையைப் படிக்கவைத்தான். அரசு பள்ளிக்கூடம் கட்டியது பாதி. பெற்றோர் தம் வயிற்றைக் கட்டியது மறுபாதி.

மாவு, சர்க்கரை, பஞ்சு

இத்தனை நல்ல அடித்தளம் இருந்தும் 1950களில் நாடு எழவில்லை. ஏன்? அமெரிக்க உதவியாகக் கோதுமை மாவும் சர்க்கரையும் பஞ்சும் கப்பல் கப்பலாக வந்திறங்கின. அவற்றை இறக்குமதி செய்யும் உரிமையும், மலிவான அந்நியச் செலாவணியும், வங்கிக் கடனும் ஆளும் கட்சிக்கு நெருங்கியவர்க்குக் கிடைத்தன. அவர்கள் அதற்கு ஈடாகக் கட்சிக்கு நன்கொடை அளித்தனர். நாட்டுக்கு ஒன்றும் அளிக்க வேண்டியிருக்கவில்லை. அரசு கொடுத்தது, ஆனால் கணக்குக் கேட்கவில்லை. 1960 ஏப்ரலில் மாணவர் கிளர்ச்சியால் சிங்மன் ரீ பதவி துறந்தார். மக்களாட்சி ஓராண்டே நிலைத்தது. 1961 மே 16 அன்று படைத்தலைவர் பார்க் சுங்-ஹீ ஆட்சியைக் கைப்பற்றினார்.

அவர் செய்த முதற் செயல்களுள் ஒன்று, முறைகேடாகச் செல்வம் குவித்தனர் என்று நாட்டின் பெருவணிகர்களைச் சிறைப்படுத்தியது. சிறையில் வைத்துப் பயனென்ன? தொழில் நடத்தத் தெரிந்தவர்கள் அவர்கள்தாமே! முடிவில் உடன்பாடு ஏற்பட்டது: அபராதத்துக்கு ஈடாகத் தொழிற்சாலைகளைக் கட்டித் தர வேண்டும். அவர்கள் கைவசமிருந்த வங்கிப் பங்குகளை அரசு எடுத்துக்கொண்டது. அன்றுமுதல் நாட்டின் பணப்பெட்டிச் சாவி அரசின் இடுப்பில் தொங்கிற்று. அதே ஆண்டில் பொருளாதாரத் திட்டக் குழு அமைந்தது. 1962இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிற்று.

திட்டங்கள் நம் நாட்டிலும் 1951 முதல் இருந்தன. வேறுபாடு எங்கே? அச்சாவியைப் பயன்படுத்திய முறையில்தான். 1960களின் நடுவில் கொரிய வங்கியில் சாதாரணக் கடனுக்கு வட்டி 26 விழுக்காடு வரை உயர்ந்தது. வெளிநாட்டு வணிகர் சரக்கு வாங்க உறுதியளித்த பத்திரத்தைக் காட்டியவருக்கோ வட்டி ஏறத்தாழ 6 விழுக்காடே. பத்திரம் இல்லையேல் சலுகையும் இல்லை. அதிபரே மாதந்தோறும் ஏற்றுமதிக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தார். அமைச்சர்களும் ஆலை முதலாளிகளும் எதிரெதிரே அமர்ந்து, வாக்களித்த அளவு என்ன, அனுப்பிய அளவு என்ன, குறைந்தது ஏன் என்று வரிவரியாகப் பார்த்தனர். துறைமுகத்தில் சரக்குத் தேங்கியது என்று முதலாளி முறையிட்டால், அதற்குரிய அதிகாரி அங்கேயே விடை சொல்ல வேண்டும். குறியளவை எட்டாதவருக்கு அடுத்த கடன் இல்லை. 1960களில் முன்னணியில் நின்ற குழுமங்கள் பல பத்தாண்டில் பட்டியலிலிருந்தே மறைந்தன. அரசு அவற்றைத் தாங்கிப் பிடிக்கவில்லை.

நம் நாட்டில் தொழில் தொடங்க உரிமம் பெறுவது அரிது, பெற்றபின் கேட்பாரில்லை. போட்டியற்ற சந்தையில் செய்ததெல்லாம் விற்கும். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அனுபவம் நம் குடும்பங்களில் மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும். அரசின் பாதுகாப்பு இரு நாட்டிலும் இருந்தது. அதற்கு விலை கேட்கப்பட்டது ஒரு நாட்டில் மட்டுமே.

தொடக்கத்தில் கொரியா ஏற்றுமதி செய்தவை ஒட்டுப்பலகையும் துணியும் டோப்பாவும். ஆம், டோப்பாதான்! ஏழைப் பெண்கள் தம் கூந்தலை வெட்டி விற்றனர். ஆலைகளில் இளம்பெண்கள் அதனைப் பொய்ம்முடியாகத் தைத்தனர். 1970ஆம் ஆண்டளவில் அது நாட்டின் முதன்மை ஏற்றுமதிகளுள் ஒன்றாயிருந்தது. 1964இல் ஏற்றுமதி 10 கோடி டாலரை எட்டியபோது அந்நாளை ஏற்றுமதி நாளாகக் கொண்டாடினர். 1977இல் அது 1,000 கோடி டாலராயிற்று.

இடையில் 1968இல் இரும்பாலை கட்ட உலக வங்கியிடம் உதவி நாடியபோது, இத்திட்டம் உங்களுக்கு ஏற்றதன்று என்னும் கருத்தே வந்தது. ஜப்பான் தன் பழைய ஆளுகைக்கு ஈடாக 1965 உடன்படிக்கையின்படி அளித்த தொகையின் ஒரு பகுதியை அரசு போஹாங் இரும்பாலைக்குத் திருப்பிற்று. முன்னோர் சிந்திய குருதியின் விலையால் கட்டும் ஆலை இது. தோற்றால் வலப்பக்கம் திரும்பிக் கடலில் குதிப்போம் என்று அதன் தலைவர் பார்க் டே-ஜூன் பணியாளரிடம் கூறியதாகச் சொல்வர். 1973 ஜூன் மாதம் முதல் இரும்புக் குழம்பு வழிந்தது. அது அரசின் ஆலை, தனியாருடையதன்று. அரசு நடத்தும் தொழில் உருப்படாது என்று பொத்தாம் பொதுவாகப் பேசுவோர் இதனைக் கருதிப் பார்க்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த நிறுவனமும் 1967இல் பிறந்து, 1975இல் 'போனி' என்னும் தன் சொந்தக் காரை உருவாக்கி, மறு ஆண்டே ஏற்றுமதிக்கு அனுப்பியது இச்சூழலில்தான்.

எல்லாம் அரசின் திறமை என்றும் கூறிவிடல் ஆகாது. அமெரிக்காவின் பொருளுதவியும் திறந்த சந்தையும், வியட்நாம் போர் கொண்டுவந்த பணமும், மேற்கு ஜெர்மனிக்குச் சென்ற ஏறத்தாழ 8,000 சுரங்கத் தொழிலாளரும் 10,000க்கும் மேற்பட்ட செவிலியரும் வீட்டுக்கு அனுப்பிய பணமும் இதில் அடங்கும்.

முந்நூற்று முப்பத்தைந்து மூட்டை

தொழிற்சாலைகள் பெருகின, கிராமங்கள் பின்தங்கின. 1970இல் நாட்டில் சிமெண்டு தேவைக்கு மேல் உற்பத்தியாகித் தேங்கிக் கிடந்தது. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் அரசு, நாட்டிலுள்ள ஏறத்தாழ 33,000 கிராமங்களுக்கும் தலா 335 மூட்டை சிமெண்டை இலவசமாக அனுப்பிற்று. ஒரே நிபந்தனை: வீடுவீடாகப் பங்கிடலாகாது; ஊர்ப் பொதுவேலைக்கே பயன்படுத்த வேண்டும். எந்த வேலை என்பதை ஊரே கூடி முடிவு செய்யலாம்.

சில ஊர்கள் பாலம் கட்டின; சில, கிணற்றுக்கும் துணி துவைக்கும் துறைக்கும் தளமிட்டன; சில, வண்டி நுழையும்படி சந்துகளை அகலப்படுத்தின. அதற்காகத் தம் வேலியோர நிலத்தை விலையின்றி விட்டுக்கொடுத்தவர் உண்டு. வேறு பல ஊர்களில் ஒன்றும் நடைபெறவில்லை. அடுத்த ஆண்டு அரசு கணக்கெடுத்தது. நன்கு பயன்படுத்திய ஏறத்தாழ 16,600 கிராமங்களுக்கு 500 மூட்டை சிமெண்டும் ஒரு டன் இரும்புக் கம்பியும் அளித்தது. மற்றவற்றுக்கு ஒன்றும் இல்லை.

இதைப் படிக்கும் நம் பங்குக் குடும்பங்களுக்கு உடனே ஓர் ஐயம் எழும்: ஏழை ஊரைத் தண்டிப்பது நீதியா? எனக்கும் அது எழுந்தது. விடுபட்ட ஊர்களுள் பல, ஏன் அடுத்த ஊருக்கு மட்டும் என்று வெகுண்டு, தாமாகவே வேலையில் இறங்கின. ஊரை ஒன்றுதிரட்டிய தலைவர்களுள் பெண்கள் பலர் இருந்தனர். குடியும் சூதும் ஊரைக் கெடுக்கின்றன என்று சாராயக் கடைகளை மூடச் செய்தவர்களும் அவர்களே. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. இருபது ஆண்டுகளுக்கு முன்னரே வயல் பங்கிடப்பட்டிருந்தமையால், அவ்வூர்களில் பாதிப்பேர் நிலக்கிழாரும் பாதிப்பேர் கூலிகளுமாய் இருக்கவில்லை. பாலம் போட்டால் பயன் எல்லார்க்கும் வரும். நிலமற்றோர் நிறைந்த ஊரில் இதே 335 மூட்டையை இறக்கினால் அது யார் வீட்டு முற்றத்துக்குப் போகும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர்.

அரசின் கை நீளவேண்டிய இடத்துக்கு அப்பாலும் நீண்டது. பன்னாட்டு நெல் ஆய்வு நிலையத்தின் துணையோடு உருவான 'தொங்கில்' என்னும் புதிய நெல்லை எல்லாரும் பயிரிட வேண்டும் என்று வற்புறுத்தினர். பழைய நெல்லின் நாற்றங்காலை அதிகாரிகள் மிதித்து அழித்த நிகழ்ச்சிகள் உண்டு. 1977இல் நாடு அரிசியில் தன்னிறைவு கண்டது மெய்; 1980இல் கோடை குளிர்ந்தபோது அந்நெல் பெரும் சேதமுற்றதும் மெய். கூரைகளை எல்லாம் மாற்றுக என்று ஆணையிட்டு வேய்ந்த கல்நார்த் தகடுகள் நுரையீரலுக்குக் கேடு என்று அறிந்து, இப்போது அரசே செலவு செய்து அகற்றி வருகிறது.

கேட்கப்படாத கணக்கு

இதுவரை சொன்னது வெற்றியின் கதை. முதலாளியிடம் கணக்குக் கேட்டனர். கிராமத்திடம் கணக்குக் கேட்டனர். தொழிலாளி கேட்ட கணக்குக்கு மட்டும் விடை சொல்ல ஒருவரும் இல்லை.

சியோல் நகரின் சோங்கேசோன் ஓடைக்கரையில், அமைதிச் சந்தை என்று பொருள்படும் பியோங்வா சந்தை இருந்தது. அங்கே தையற்கூடங்கள் அடுக்கடுக்காக இயங்கின. இடம் மிச்சமாக வேண்டும் என்று ஒரே தளத்தை இரண்டாக்கிப் பரண் கட்டினர். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. 13, 14 வயதுச் சிறுமிகள் நாளுக்கு 14 மணி நேரம்வரை பஞ்சுத் தூசியில் குனிந்து உழைத்தனர். துணி வெட்டும் தொழிலாளியாக இருந்தார் ஜொன் டே-இல் என்னும் இளைஞர். பசியால் வாடிய சிறுமிகளுக்குத் தம் பேருந்துக் காசில் ரொட்டி வாங்கித் தந்துவிட்டு, இரவில் நெடுந்தொலைவு நடந்தே வீடு சேர்வார். 1953 முதலே தொழிலாளர் நலச் சட்டம் ஒன்று நாட்டில் உள்ளது என்பதை அறிந்தபோது அவர் வியப்புற்றார். சட்டநூலை வாங்கிக் கற்றார். கூடங்களின் நிலையை விசாரித்து எழுதி அரசு அலுவலகங்களுக்கு விண்ணப்பித்தார். ஒரு விடையும் வரவில்லை. 1970 நவம்பர் 13 அன்று, நாங்கள் இயந்திரங்கள் அல்லர், சட்டத்தைக் கைக்கொள்ளுங்கள் என்று முழங்கித் தம்மைத் தாமே தீக்கிரையாக்கிக்கொண்டார். வயது 22. உயிர் தந்த இறைவனுக்கே அதனை எடுக்கும் உரிமை என்பது நம் நம்பிக்கை. அம்முடிவை நாம் போற்றுவதற்கில்லை. ஆனால் அவரை அந்நிலைக்குத் தள்ளிய மௌனத்துக்கு யார் பொறுப்பு? மகன் கேட்டுக்கொண்டபடி அவர் தாய் லீ சோ-சுன், 2011இல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுகள் தொழிலாளர்க்காகப் பாடுபட்டார்.

இவ்விடத்தில் கொரியத் திருச்சபை விலகி நிற்கவில்லை. கங்வா தீவின் நெசவாலையில் கத்தோலிக்க இளந்தொழிலாளர் இயக்கத்தினர் சங்கம் அமைத்ததற்காக வேலைநீக்கம் செய்யப்பெற்றபோது, 1968 பிப்ரவரியில் கொரிய ஆயர்கள் ஒருங்கே தொழிலாளர் பக்கம் நின்று அறிக்கை விடுத்தனர். அவ்வியக்கத்துக்குப் பொறுப்பாயிருந்த ஆயர் கிம் சூ-ஹ்வான் அவ்வாண்டே சியோலின் பேராயரானார். 1969இல் அந்நாட்டின் முதல் கர்தினாலானார். அதிபர் 1972 அக்டோபரில் அரசியல் சட்டத்தையே தம் வாழ்நாள் ஆட்சிக்கு ஏற்ப மாற்றிய பிறகு, 1974இல் வோன்ஜு ஆயர் ஜி ஹாக்-சுன் சிறையிலடைக்கப்பட்டார். 1987 ஜூனில் மக்களாட்சி கோரிய மாணவர்கள் சியோலின் மியோங்தோங் பேராலயத்தில் அடைக்கலம் புகுந்தனர். காவலர் உள்ளே நுழைய முற்பட்டபோது கர்தினால், முதலில் என்னையும், எனக்குப் பின்னே குருக்களையும், அவர்களுக்குப் பின்னே கன்னியரையும் மிதித்துக் கடந்த பின்னரே மாணவரை அடையலாம் என்ற பொருள்படக் கூறினார். காவலர் நுழையவில்லை. அம்மாத இறுதியில் நேரடித் தேர்தலுக்கு அரசு இசைந்தது. அடுத்த மூன்று மாதங்களில் 3,000க்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள் நடைபெற்றன.

இரும்புக் கரம் இருந்ததனால்தான் அந்நாடு முன்னேறியது, மக்களாட்சி நமக்குச் சரிப்படாது என்று பேசுவோரை நம் பங்குகளிலும் கேட்டிருக்கிறேன். அவர்கள் பிலிப்பைன்சைப் பார்க்கட்டும். கொரியாவில் இரும்புக் கரம் இறுகிய அதே 1972இல், ஒரு மாதம் முந்தி, மார்க்கோஸ் அங்கே இராணுவச் சட்டம் பிறப்பித்தார். அங்கும் அடக்குமுறை, அங்கும் அரசுக் கடன். ஆனால் கடன் சென்றது நண்பர்களுக்கு. எவரும் கணக்குக் கேட்கவில்லை. 1986இல் அவர் நாட்டைவிட்டு ஓடியபோது விட்டுச் சென்றது கடன் சுமையையே. கொரியாவிலோ 1987க்குப் பின் தொழிலாளர் ஊதியம் பல ஆண்டுகள் தொடர்ந்து விரைவாக உயர்ந்தது, நாடு வீழ்ந்துவிடவில்லை. 1990களின் நடுவில் தலைக்குரிய வருமானம் 10,000 டாலரைக் கடந்தது. 1977இல் பெரிய ஆலைகளில் தொடங்கிய மருத்துவக் காப்பீடு 1989இல் எல்லாக் குடிமக்களுக்கும் விரிந்தது. பரணில் குனிந்திருந்த சிறுமிகளின் துன்பம் வளர்ச்சிக்கு இன்றியமையாததாய் இருந்தது என்பதை நான் ஏற்கவில்லை.

கணக்குக் கேட்பதை அரசு தளர்த்தியபோது நேர்ந்ததையும் கூற வேண்டும். 1990களில் பெருங்குழுமங்கள் வெளிநாடுகளில் குறுகிய காலக் கடனை வரம்பின்றி வாங்கின. 1997 தொடக்கத்தில் ஹன்போ இரும்பு நிறுவனம் வீழ்ந்தது. கடன் பெறக் கையூட்டு அளித்தது நீதிமன்றத்தில் மெய்ப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் நாடு பன்னாட்டு நிதியத்தின் வாயிலில் நின்றது. 1998இல் மக்கள் வரிசையில் நின்று திருமண மோதிரங்களையும் குழந்தைகளின் பிறந்தநாள் மோதிரங்களையும் நாட்டுக்காக அளித்தனர். 200 டன்னுக்கும் மேல் தங்கம் சேர்ந்தது. கடன் வாங்கியவர் வேறு. மோதிரம் கழற்றியவர் வேறு.

பாட்டி கேட்ட இன்னொன்று

பாட்டியின் வினாவுக்கு வருவோம். அரசு தூக்கிவிட்டதா, அவர்களே எழுந்தார்களா? அரசு வயலைக் கொடுத்தது, கடனைக் கொடுத்தது, சிமெண்டைக் கொடுத்தது. கொடுத்த ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்டது. அரசு எட்டாத இடத்தில் மக்கள் தாமே கைகோத்தனர். 1960இல் பூசான் நகரில் மேரிநோல் சபைக் கன்னியரான அருட்சகோதரி கபிரியேலா முல்ஹெரின், கந்துவட்டிக்கு மாற்றாக அந்நாட்டின் முதல் கூட்டுறவு நாணயச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கங்கள் பின்னர் நாடெங்கும் பரவின.

இவற்றில் சிலவற்றை அன்று பாட்டியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்ட அவர், "அந்தத் தையல் பொண்ணுங்களுக்கு இப்போ என்னை மாதிரி வயசாகியிருக்குமே. அவங்களுக்கு முதியோர் பென்ஷன் உண்டா சாமி?" என்றார்.

எனக்குச் சற்றுத் திகைப்பாயிற்று. அந்நாட்டின் தேசிய ஓய்வூதியத் திட்டம் 1988இல்தான் தொடங்கிற்று. தையற்கூடங்களில் இளமையைக் கழித்த பெண்களுள் பலர் அதற்குள் வேலையை விட்டுக் குடும்பம் நடத்தச் சென்றுவிட்டனர். கட்டணம் செலுத்திய ஆண்டுகள் போதாமையால் அவர்களுக்கு ஓய்வூதியம் சொற்பம், அல்லது இல்லை. மூத்தோரைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வர் என்றே அரசு நெடுங்காலம் இருந்தது. 2014இல்தான் முதியோருள் பத்துக்கு ஏழு பேருக்கு அடிப்படை ஓய்வூதியம் வந்தது. இன்றும் அந்நாட்டில் முதியோருள் பத்துக்கு நால்வர், நாட்டின் நடுத்தர வருமானத்தில் பாதிகூட இன்றி வாழ்கின்றனர். சியோலின் வீதிகளில் விடியற்காலையில் பழைய அட்டைப் பெட்டிகளைப் பொறுக்கித் தள்ளுவண்டியில் ஏற்றி எடைக்குப் போடும் முதியவர்களைக் காணலாம்.

உண்டு பாட்டி, ஆனால் பிந்தி வந்தது, போதவில்லை என்றேன். "நமக்கும் அப்படித்தானே சாமி," என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்து பேரன் வரும் நேரமாயிற்று என்று அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனார்.